சுருளிக்கு மட்டன், டிரேவருக்குக் கஞ்சி

லிங்கராஜபுரம் டிரேவர் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை மாற்ற ஆண்டவராலும் முடியாது. மனைவி குளோரியாவால் மட்டும்தான் முடியும். இந்த முறை அவளாலும் முடியாது என்று அவருக்குத் திடமான நம்பிக்கை.

முடிவு இதுதான்: வீட்டில் நாய் கூடாது. நாய் வந்தால், பெங்களூர்க் குளிரில் விடியற்காலை ஐந்தரைக்கு அதை நடக்கக் கூட்டிப் போவது யார்? குளோரியாவா? அதனால் ஆறு மாதமாக ஒரே பல்லவி.

"எனக்கு நாய் முடி அலர்ஜி, குளோரி."

"அப்ப முடி கொட்டாத நாயாப் பாக்கறேன்."

"தாராளமாப் பாரு!" அப்படி ஒரு நாய் உலகத்திலேயே கிடையாது என்கிற தைரியம் அவருக்கு.

சனிக்கிழமை மாலை அது வந்து இறங்கியது. முடியே கொட்டாத பூடில் ஜாதி. உடம்பெல்லாம் சுருட்டை முடி, பெயர் சுருளி. நாய்களுக்கு வீடு தேடித் தரும் நிருபமா என்ற பெண் அதை ஒருநாள் ஒத்திகைக்கு விட்டுப் போனாள்.

"நாளைக்கு மதியம் வர்றேன் அங்கிள். வீட்ல யாருக்கும் அலர்ஜி இல்லன்னு நீங்க சைன் பண்ணாத்தான் குடுப்போம். இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்."

டிரேவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரே ஒருநாள் தும்மினால் போதும்! தும்மினார். சுருளி பக்கத்தில் வந்தால் ஒன்று, வாலை ஆட்டினால் இரண்டு. ஞாயிறு காலை கோயிலில், பிரசங்கத்தின் நடுவிலும் பழக்க தோஷத்தில் ஒன்று போட்டார். குளோரியா திரும்பிப் பார்த்தாள்.

மதியம் நிருபமாவுக்குக் கதவைத் திறந்ததும் வாசலிலேயே ஒரு தும்மல்.

"பாத்தியாம்மா, உடம்பு ஒத்துக்கல. எனக்கும் வருத்தம்தான்."

குளோரியா மல்லுக்கு நிற்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "ஆமா நிருபமா, பாவம் மனுஷன். சுருளியக் கூட்டிட்டுப் போயிடு. முதல்ல சாப்பிட வா" என்றாள். இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று டிரேவரே நினைக்கவில்லை.

நிருபமா தட்டில் மட்டன் பிரியாணி. குளோரியா தட்டில் மட்டன் பிரியாணி. தரையில் சுருளியின் கிண்ணத்தில் வேகவைத்த மட்டனும் சோறும். டிரேவர் முன்னால் உப்பில்லாத கஞ்சி.

"என்ன குளோரி இது?"

"அலர்ஜிக்காரங்களுக்கு இதாங்க நல்லது."

"நாய்க்கு மட்டன் போட்டிருக்கியே!"

"அதுவும் அலர்ஜி கேஸ்தான் அங்கிள்" என்றாள் நிருபமா. "சிக்கன் ஆகாது, சொறிஞ்சிக்கும். அதான் மட்டன்."

"அதுக்கும் அலர்ஜி, எனக்கும் அலர்ஜி. அதுக்குக் கறி, எனக்குக் கஞ்சியா?"

"அதுக்கு என்ன ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியலையே!" என்றாள் குளோரியா. "நாயாலன்னா கோயில்ல ஏன் தும்முனீங்க? அங்க ஏது நாய்? சாப்பாட்டுல ஏதோ ஆகலைங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒண்ணொண்ணாக் குடுத்துத்தான் கண்டுபிடிக்கணும். எட்டு வாரம். மட்டன் கடைசி வாரம்."

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். டிரேவர் கஞ்சியைப் பார்த்தார். கீழே சுருளி கிண்ணத்தை நக்கி முடித்து, அவரை அனுதாபத்தோடு பார்த்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கு அலர்ஜியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல! பிரியாணியக் கொண்டா!"

பிரியாணிக்கு முன்னால் பேனா வந்தது. நிருபமா நீட்டிய படிவம் குளோரியாவின் குண்டு குண்டு எழுத்தில் முழுக்க நிரம்பியிருந்தது. 'அலர்ஜி: யாருக்கும் இல்லை.' அதற்குக் கீழே, 'நாயை நடக்கக் கூட்டிச் செல்பவர்: டிரேவர், காலை ஐந்தரை மணி.'