எல்லை தாண்டாத மாப்பிள்ளை

இந்த ஜென்மத்துல எல்லை தாண்டுறதில்லைன்னு மெத்தை சபதம் எடுத்தப்போ அவர் வாயில டூத் பிரஷ் இருந்துச்சு. நுரையோட எடுத்த சபதம். அது எத்தனை நாள் நிக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மெத்தைங்கிறது அவர் பேரு இல்ல, பொழப்பு. மெத்தைக் கடையில சேல்ஸ்மேன். முதுகுவலின்னு வர்றவங்களை ஒரு மெத்தையில சாய வச்சு, அவங்க எந்திரிக்கிறதுக்குள்ள பில்லைப் போட்டுருவாரு. கடையில அவ்வளவு வாய். வீட்டுக்கு வந்தா அந்த வாய் கொட்டாவிக்கு மட்டும்தான் திறக்கும்.

ஏன்னா வீட்டம்மா கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவங்க. ஊரே மேடம்னுதான் கூப்பிடும். ஊர்ல பாதிப் பேரு அவங்ககிட்ட ஸ்டியரிங் பிடிச்சவங்க. மீதிப் பாதி அவங்ககிட்டத் திட்டு வாங்கிட்டு இன்னைக்கும் பஸ்ல போறவங்க. "முதல்ல சீட்டு, அப்புறம் கண்ணாடி, அப்புறம் பெல்ட்டு. அதுக்கு முன்னாடி சாவியைத் தொட்டா கையில போடுவேன்." இதுதான் முதல் பாடம். கல்யாணமான புதுசுல மெத்தைக்கும் இதே பாடம்தான் நடந்துச்சு. வேற புதுசா கல்யாணமானவங்க என்ன பேசிக்குவாங்கன்னு அவருக்கு இன்னும் தெரியாது.

சரி, சபதத்துக்கு வருவோம். எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டுல, மேடத்தோட தம்பி புது வீடு வாங்கியிருந்தாரு. ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டாரு. மேடம், மேடத்தோட அம்மா, மெத்தை, மூணு பேரும் கார்லயே போறதுன்னு முடிவாச்சு. முடிவாச்சுன்னா, மேடம் முடிவு பண்ணிட்டு பாத்ரூம் கதவைத் தட்டிச் சொன்னாங்க. உள்ள பல்லு விளக்கிட்டு இருந்தவர் அந்த நுரையோடயே சபதம் எடுத்தாரு.

எடுக்காம என்ன செய்வாரு? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மேடம் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். கடையில ஒருத்தருக்கு வழியனுப்பு விருந்து, மத்தியானச் சாப்பாடு. ஒரே ஒரு கிளாஸ்தான்னு ஆரம்பிச்ச மெத்தை சொன்ன சொல் தவறல. சாயங்காலம் வரைக்கும் அதே ஒரே கிளாஸ்லதான் குடிச்சாரு. திரும்பி வந்தது மேடத்தோட கார்ல. கூரை மேல 'எல்' போர்டு வச்ச கார். ரவுண்டானாவுக்குள்ள நுழைஞ்சவருக்கு வெளிய வர வழி தெரியல, சாமி சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே இருந்தாரு. ஒரு நெட்டைப் போலீஸ்காரர் நிறுத்தி, மேல இருந்த போர்டை ஒரு தடவை பார்த்தாரு, உள்ள இருந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாரு.

"எதைக் கத்துக்கிறீங்க சார், ஓட்டவா, குடிக்கவா?"

ஊதச் சொன்னாங்க. ஊதினாரு. மெஷினே கிறங்கிப்போச்சு. அப்புறம் கோர்ட்டு, அபராதம், ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கட். இவர் கையில சாவி குடுக்கக் கூடாதுன்னு மறுநாள் நெட்டையே காரை ஓட்டிட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போனாரு. மேடம் வர்றதுக்குள்ள மெத்தை காரைக் கழுவினாரு, துடைச்சாரு, உள்ள சென்ட்டு அடிச்சாரு, சீட்டு இடுக்குல இருந்த கடலைத் தோலைக் குச்சி விட்டு எடுத்தாரு. ஒரு தடயம் இல்ல. அவர் கண்ணுக்கு.

அந்த ஒரு வருஷம் கார் ஓட்டாம இருக்கக் காரணம் வேணுமே. சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு எடுத்து விட்டாரு. மேடம் ஒரு கேள்வி கேக்கல. ரொம்ப நல்லது, நடங்கன்னாங்க. காய்கறிக்கு நடந்தாரு. சலவைத் துணியைத் தூக்கிட்டு நடந்தாரு. மேட்டுத் தெருவுல தோள்ல தண்ணி கேனோட மூச்சு வாங்கிட்டு ஏறுறப்பகூட, "பாவம், அப்படியே நம்பிட்டா"ன்னு பொண்டாட்டிக்காக இரக்கப்பட்டாரு மனுஷன்.

இப்போ எல்லை. கீழ்வீட்டுல டிக்கெட்காரர் இருக்காரு. பஸ், கப்பல், விமானம், எதுக்கும் டிக்கெட் போட்டுக் குடுப்பாரு. அவர்கிட்டப் போய், ஃப்ரெண்டு ஒருத்தனுக்காகக் கேக்குறேன்னு ஆரம்பிச்சாரு மெத்தை. குடிச்சிட்டு ஓட்டி மாட்டின கேஸு, அந்த நாட்டுக்குள்ள விடுவாங்களா?

டிக்கெட்காரர் பேனாவைக் கீழ வச்சாரு. நம்ம ஊர்ல அபராதம் கட்டினா கேஸ் முடிஞ்சுது, ஆனா அவங்க ஊரு கம்ப்யூட்டர்ல அது முடியாதுன்னாரு. பேரைத் தட்டினா துள்ளிக்கிட்டு வந்து நிக்குமாம். கொலைக் கேஸு மாதிரி பார்ப்பாங்களாம். முன்னாடியே எழுதிப் போட்டு, திருந்திட்டேன்னு காட்டி, தனியா அனுமதி வாங்கணும். அதுக்கே மாசக்கணக்குல ஆகும்.

"சும்மா போய் நின்னா?"

"சும்மா திரும்பி வரணும்."

"எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லுவாங்களா?"

"அது அந்த ஆபீசரோட குரலைப் பொறுத்தது. ஏன் சார், உங்க ஃப்ரெண்டுக்கும் இப்படித்தான் காது சிவக்குமா?"

மாமியார் முன்னாடி ஒரு வெள்ளைச் சட்டைக்காரன், "இந்தாளு குடிகாரன்"னு அறிவிக்கிற காட்சி மெத்தை கண்ணு முன்னாடி வந்துச்சு. 'என் மாப்பிள்ளை காபி கூட சூடாக் குடிக்க மாட்டாரு'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுற அம்மா அவங்க. செத்தாலும் போறதில்லை.

முதல் அஸ்திரம், லீவு கிடைக்கல. மேடம் போனை எடுத்து மேனேஜர்கிட்டப் பேசினாங்க. ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம் கூட்டிட்டுப் போங்க மேடம்னு அந்தப் பக்கம் சிரிப்பு. மேனேஜர் பொண்ணு மேடம்கிட்டத்தான் கார் கத்துக்குது.

ரெண்டாவது, முதுகுவலி. வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே மூடிட்டாரு. மெத்தைக் கடைக்காரனுக்கு முதுகுவலின்னா கடைக்கு யார் வருவா?

மூணாவது, பல்லு. கிளம்புறதுக்கு முந்தின நாள் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. உயிர் போகுது, ஒரு வாரத்துக்கு அசைய முடியாதுன்னாரு. மேடம் உடனே காருல ஏத்தி பல்லு டாக்டர்கிட்டக் கொண்டுபோனாங்க. காத்திருக்கிற பெஞ்சுல வச்சு, ரொம்ப மெதுவா ஒரு வார்த்தை கேட்டாங்க.

"என்னங்க, பல்லைத் தவிர வேற ஏதாவது சொல்லணுமா?"

"வேற என்ன இருக்கு?"

"இல்ல, இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"பல்லுதாம்மா. பல்லேதான்."

டாக்டர் வெளிச்சம் அடிச்சுப் பார்த்தாரு, தட்டிப் பார்த்தாரு. பல்லு நல்லாத்தானே இருக்கு, பழைய அடைப்பு ஒண்ணுதான் இருக்குன்னாரு. மெத்தை விடல, அதேதான், அதேதான்னு முனகினாரு. அப்போ வழியில வலிச்சா என்ன பண்றது, எடுத்துருங்கன்னாங்க மேடம். டாக்டரும் மேடம்கிட்டக் கார் கத்துக்கிட்டவருதான். மேடம் 'நிறுத்து'ன்னா நிறுத்துவாரு, 'எடு'ன்னா எடுப்பாரு. எடுத்தாரு.

மறுநாள் காலையில வீங்கின கன்னத்தோட மெத்தை முன் சீட்டுல. பின்னாடி மாமியார், ஏறின நிமிஷத்துல இருந்து கண்ணை மூடிட்டாங்க. எல்லை வர்ற வரைக்கும் மெத்தை எந்தச் சாமியையும் விடல. வந்ததும் கடைசி யோசனை ஒண்ணு பளிச்சுன்னு தட்டுச்சு, தனியாப் போய் நின்னா மாமியார் காதுல விழாதே. பாத்ரூம் போறேன்னு பாஸ்போர்ட்டோட இறங்கி, ஒத்தையா கவுண்டர்ல போய் நின்னாரு. ஒரு அம்மா பேரைத் தட்டினாங்க. திரையைப் பார்த்தாங்க. இவரைப் பார்த்தாங்க.

குடிச்சிட்டு ஓட்டின கேஸ் இருக்கு, முன் அனுமதி இல்ல, திரும்பிப் போகலாம்னு சொல்லிட்டாங்க. நல்ல கணீர்க் குரல்.

"மெதுவாங்க, மெதுவா. என் சம்சாரம் கார்ல இருக்கா. வேற ஏதாவது காரணம் எழுதுங்களேன். மூஞ்சி சரியில்லைன்னு எழுதினாக்கூட சரி."

"அதுக்கெல்லாம் இங்க சட்டம் இல்லைங்க. இருந்தா அதையும் சேர்த்தே சொல்லியிருப்பேன்."

திரும்பி நடக்குறப்பவே மெத்தை பொய்யை ரெடி பண்ணிட்டாரு. கம்ப்யூட்டர் கோளாறு, என் பேருல எவனோ குடிச்சிட்டு ஓட்டியிருக்கான், நீங்க போங்க, நான் தியாகம் பண்றேன். மேடம் முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாங்க. உள்ள ரெண்டு பெட்டி. ஒண்ணு மேடத்தோடது, ஒண்ணு மாமியாரோடது.

"என் பெட்டி எங்கம்மா?"

"எடுத்து வைக்கல."

"ஏன்?"

"நீங்கதான் வரலையே."

கைப்பையில இருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினாங்க. ஊருக்குத் திரும்பிப் போற பஸ்ஸு. கீழ்வீட்டு டிக்கெட்காரர் போட்டுக் குடுத்தது. ஜன்னல் ஓரம்.

மெத்தை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எப்போ இருந்து தெரியும்னு கேட்டாரு.

"அன்னைக்கு அம்மா வீட்டுல இருந்து வந்து காருல உக்காந்தேன். பிரேக்கு எட்டல. சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி கிடக்கு. கண்ணாடியில பார்த்தா கூரை தெரியுது. ஆறடி ஆள் ஓட்டின வண்டிங்க அது. நீங்க ஓட்டினா உங்களுக்குத் தலகாணி வைக்கணும். காரை மட்டும் கழுவினீங்களே, முதல் பாடம் மறந்து போச்சா? நம்ம ஊர்ல ஆறடிக்கு இருக்கிறது அந்த நெட்டைப் போலீஸ்காரர் ஒருத்தர்தான், நேரா ஸ்டேஷனுக்குப் போய் விசாரிச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுமதிக்கு எழுதிப் போட்டிருப்போம், இன்னைக்கு சேர்ந்து போயிருப்போம். ரெண்டு வருஷமாப் பார்த்தேன். பல்லு டாக்டர்கிட்டத்தான் திறந்தீங்க."

பஸ் ஸ்டாண்டு எங்க இருக்குன்னு கேட்டாரு மெத்தை. கொஞ்ச தூரம்தான், நடங்க, சர்க்கரைக்கு நல்லதுன்னாங்க மேடம். சீட்டைப் பார்த்தாங்க, கண்ணாடியைப் பார்த்தாங்க, பெல்ட்டைப் போட்டாங்க, சாவியைத் திருப்பினாங்க.

வழி பூரா தூங்கிட்டு வந்த மாமியார் அப்போதான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாங்க.

"அந்தப் பல்லையாவது காப்பாத்தியிருக்கலாம், மாப்ளே."