காதுச் சித்தர் எடுத்த புழு

மலேசியாவின் கிள்ளான் நகரில் அந்தக் கடைவீட்டு மாடிக்கு ஏறக் கூட்டம் முட்டி மோதியது. காதுச் சித்தர் வேலாயுதம் மெழுகுத் துணிக் குழலைக் காதில் செருகிக் கொளுத்துவார். எரிந்ததும் பிரித்தால், உள்ளே மஞ்சளாகச் செய்வினைப் புழு. செவிடு, தலைவலி, கல்யாணத் தடை எல்லாம் அந்த ஒரே ஓட்டை வழியாக வெளியேறிவிடுமாம். ஜெஞ்சாரோமிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். புழு ஏன் நெளியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பாவம், பயணக் களைப்பாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த டாக்டர் கிளாரிசாவும் முப்பது வருஷமாகக் காதைத்தான் திறக்கிறார். செவிக்குள் கருவி பொருத்தும் அறுவையை அவருடைய மருத்துவமனையில் முதலில் செய்தவர் அவர். அதற்காக நான்கு வருஷம் இறந்தவர்களின் எலும்பில் துளையிட்டுப் பழகினார். ஆனாலும், பொம்பளை கையில் டிரில்லா என்று ஆரம்பத்தில் நோயாளிகள் எழுந்து ஓடினார்கள். அவர் கையால் கேட்கத் தொடங்கிய பிள்ளைகள் இருநூறுக்கு மேல். அவரைத் தேடி ஒரு வேனும் வந்ததில்லை.

பிறவியிலேயே காது கேளாத மலருக்கு மூன்று வயது. அடுத்த வாரம் அறுவை. லோரி ஓட்டும் அப்பா சுகுமாறன் போன் செய்து, வேண்டாம் என்றார். சித்தர் ஒன்பது புழு எடுத்துவிட்டாராம், பன்னிரண்டு பாக்கியாம். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் பேச்சைத் தின்றுவிடும் என்று டாக்டருக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. மறுநாளே கிள்ளானுக்குப் போய், மலரைத் தூக்கி வந்திருந்த சுகுமாறனோடு வரிசையில் நின்றார்.

முறை வந்ததும் ஒரு குழலை எடுத்து, தான் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலின் வாயில் செருகிக் கொளுத்தினார். மந்திரம் சொல்லாமல் கொளுத்தினால் ஆபத்து என்று சித்தர் பதறினார். டாக்டர் குழலைப் பிரித்தார். கொழுத்த மஞ்சள் புழு.

"அண்ணே, இந்தப் பாட்டிலுக்கு யாரு செய்வினை வச்சது?"

"நீங்க குடிச்ச பாட்டில் லா. உங்க தோஷம் அதுல இறங்கியிருக்கு."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். சுகுமாறன் ஆட்டவில்லை. மகளை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு குழலை வெறும் காற்றில் பிடித்துக் கொளுத்தினார். பிரித்து, விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"மெழுகு," என்றார். "என் பிள்ளைய ஒன்பது வாட்டி படுக்க வச்சேனே."

அறுவை நடந்தது. கருவியை முடுக்கிய அன்று சுகுமாறன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மலர் திரும்பிப் பார்த்து, பயந்து அழுதாள். அவரும் அழுதார்.

சித்தர் இப்போது அம்பாங்கில் முழங்காலிலிருந்து புழு எடுக்கிறார். நல்ல கூட்டம். காது அடைத்தால் திறக்க டாக்டர் இருக்கிறார். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதை அவரவர்தான் திறந்துகொள்ள வேண்டும்.