எட்டுக்கலர் அண்ணாச்சி வெப்சைட் போட்ட கதை

வானவில்லில் ஒரு கலர் குறைகிறது என்று ஆண்டவனிடமே குறை சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். அச்சுக்கு நாலு மை போதும் என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகும், "இன்னொரு நாலு சேத்தா அம்மன் மொகத்துல அருள் கூடுமே" என்று முதலாளியிடம் மல்லுக்கு நிற்பார். அதனால் அவர் எட்டுக்கலர் அண்ணாச்சி. சொந்தப் பேர் என்னவென்று யாரும் கேட்டதில்லை.

நான் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்து, காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் பகுதியில் இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி.

கம்பெனியின் வெப்சைட்டும் அண்ணாச்சி பொறுப்புதான். முதல் வருஷம், அச்சுத் தாளுக்குப் போடுகிற பழக்கத்தில், பக்கத்தின் நாலு மூலையிலும் கட்டிங் கோடு போட்டுவிட்டார். காரியாபட்டி ஏஜெண்ட் போன் போட்டு, "இத எங்கன வெட்டணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். கிண்டல் என்பது அண்ணாச்சிக்கு உறைக்கவில்லை. "கோட்ட ஒட்டி வெட்டுங்க. உள்ள போயிராதீக" என்று அக்கறையாகச் சொன்னார்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். முதலாளி பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டு மேக் வாங்கினார். அண்ணாச்சி பழையதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஒரு வேட்டியால் மூடினார். "வழியனுப்பியாச்சு. இனிமே யாரும் தொடப்படாது. போறவகளப் பின்னால கூப்பிடலாமா?"

அப்புறம்தான் தெரிந்தது, அவர் வெப்சைட் போட்டுக்கொண்டிருந்த சாப்ட்வேர் மேக்கில் ஓடாது என்று.

ஆடி பதினெட்டோ நெருங்கிவிட்டது. சிவகாசியில் அன்றைக்குத்தான் பூஜை போட்டு, அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைத் திறப்பார்கள். ஆர்டரும் அன்றைக்கே தொடங்கிவிடும். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆல்பம் தெறக்குற அன்னிக்கு வெப்சைட்டுலயும் படம் வந்திருக்கணும் அண்ணாச்சி. இல்லேன்னா மெட்ராஸ்காரககிட்ட குடுத்துருவேன். நீங்க பட்டாசு லேபிள் மட்டும் பாத்துக்கிட்டா போதும்."

பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அண்ணாச்சிக்கு. இரண்டு நாள் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பியது. மூன்றாம் நாள் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"தாயி, கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தொடச்சிருக்கேன் அண்ணாச்சி."

"அது போதும். புதுசா பழகுறவகளுக்குன்னு மூணு சாப்ட்வேர் சொல்லுதாக. உனக்கு எது கைக்கு வருதோ, அதுதான் நல்ல சாப்ட்வேர்."

ராகுகாலம் கழிந்ததும் பரீட்சை ஆரம்பமானது. பக்கத்தில் ஒரு கிளாஸ் டீ. அது ஆறுவதற்குள் நான் ஒரு சாமி படத்தை வைத்து, அடியில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

முதல் சாப்ட்வேர் எதைத் தொட்டாலும் கேள்வி கேட்டது. அண்ணாச்சி அதற்கு 'வக்கீல்' என்று பேர் வைத்தார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. இரண்டாவதைத் திறந்தால் திரை முழுக்கப் புள்ளியும் அம்புமாகக் கொட்டியது. "இது மந்திரவாதி. நமக்கு வேண்டாம், மூடு தாயி" என்று அண்ணாச்சியே பயந்து எழுந்துவிட்டார். மூன்றாவதில் பக்கங்கள் தயாராக இருந்தன. படத்தை இழுத்து வைத்தால் இடம் பார்த்துத் தானே உட்கார்ந்துகொண்டது.

"இதுதான் மருமக. சொல்லாமலே எடுத்து வைக்குது பாரு" என்றார். டீயைக் குடித்துப் பார்த்து, "நாக்கு சுடுது. பாஸ்" என்றார்.

ஆடி பதினேழு சாயங்காலம் வெப்சைட் ஏறிவிட்டது. மேக்கில் பார்த்தால் ஒவ்வொரு சாமியும் எழுந்து வருகிற மாதிரி இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பூஜை மணி அடிக்கும்போதே சாத்தூர் ஏஜெண்டின் போன் வந்தது.

"அண்ணாச்சி, முருகன் இருக்க வேண்டிய எடத்துல செவப்பா ஒரு பெருக்கல் குறி இருக்கு. அம்மன் பக்கம் போனேன், அங்கனயும் பெருக்கல். இது காலண்டரா, வாய்ப்பாடா?"

அடுத்தடுத்து எல்லா ஏஜெண்டும் அதையேதான் சொன்னார்கள். முதலாளி முகம் கறுத்துவிட்டது. "மெட்ராஸ் நம்பர எடுங்க" என்றார்.

"மொதலாளி, சக்கரப் பொங்கல் வெளம்பி முடியிற வரைக்கும் பொறுங்க" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார் அண்ணாச்சி. வேட்டியை உருவினார். "கோவிச்சுக்கிடாதப்பா, அவசரம்" என்று பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டுப் போட்டார். அதிலும் வரிசையாகப் பெருக்கல் குறிகள்.

பார்த்துக்கொண்டே நின்றவர், தலையில் அடித்துக்கொண்டார். படங்களை எல்லாம் அச்சுக்குப் போகிற நாலு மைக் கணக்கில் சேமித்திருந்தார். மேக் அதைக் காட்டியது. ஏஜெண்டுகள் எல்லோரிடமும் இருந்தது விண்டோஸ். அதற்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. திரைக்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே கலர்.

"எட்டு வேணும்னு நின்னேன் தாயி. நாலுக்கே மூக்கால அழுதேன். கடைசியில மூணுல கொண்டாந்து நிறுத்திட்டாளே அம்மன்" என்று சொல்லிவிட்டு, அழுகிற நேரத்தில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஒவ்வொரு படமாக மாற்றித் தர, நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வெளியே பொங்கல் வாசம். மனசுக்குள் எனக்கு அம்மன் பேர் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசி இலைக்குப் பொங்கல் வைக்கும்போது சாத்தூர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். "இப்ப முருகன் சிரிக்காரு அண்ணாச்சி. இதுல நமக்கு ரெண்டு லோடு போடுங்க."

முதலாளி ஒரு இலையில் பொங்கலை அள்ளி வைத்து, தானே கொண்டுவந்து அண்ணாச்சி முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க. அடுத்த வருசமும் நீங்கதான் போடுறீக."

சாயங்காலம் பார்த்தால், வெப்சைட் பக்கத்தின் அடியில் தயாரித்தவர் என்று என் பேர் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உங்க பேர வைங்க அண்ணாச்சி."

"எட்டுக்கலர்னு போட்டா, மூணுதான இருக்குன்னு சாத்தூர்க்காரன் போன் போடுவான் தாயி."

இன்றைக்கும் காலையில் விளக்கேற்றி, வீட்டில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கும்பிடுகிறேன். வீட்டுக்காரர், பிள்ளைகள், பேத்தி, அப்புறம் எட்டுக்கலர் அண்ணாச்சி. யாரைச் சொல்கிறேன் என்று அம்மனுக்குத் தெரியும்.