தவழ்தல் நேரில் காணப்பட்டது

ஒரு குழந்தை எப்போது, எப்படி வளர வேண்டும் என்பதை அந்தக் குழந்தையின் இஷ்டத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று மேலிடம் தீர்மானித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கென்று ஓர் அலுவலகம், அந்த அலுவலகத்துக்கென்று ஒரு மஞ்சள் அட்டை, அட்டையில் பதினொரு கட்டங்கள். தலை நிற்பதில் தொடங்கி, கவிழ்வது, உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது என்று எல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றும் நடந்தேறியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத வளர்ச்சி, வளர்ச்சியாகக் கருதப்பட மாட்டாது.

பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளாதவர் ஒரே ஒருவர்தான். அவர் வேறோர் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். யார் என்ன மனுவை நீட்டினாலும் முதலில் “இணைப்பு எங்கே?” என்று கேட்பார். அதனால் அவருக்கு ‘இணைப்பு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்த மாமனாரின் மனுவையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவர்.

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. உருண்டு உருண்டு கட்டிலின் ஓரத்துக்கு வந்துவிடுவதால் வீட்டில் அதற்கு ‘உருண்டை’ என்று பெயர். இணைப்பு அதன் வளர்ச்சிக்கென்று தனிக் கோப்பு திறந்தார். குழந்தை முதன்முதலாக அவரைப் பார்த்துச் சிரித்தபோது, தேதியையும் நேரத்தையும் குறித்துவிட்டுத்தான் பதிலுக்குச் சிரித்தார். முதல் பல் முளைத்த சேதிக்கு அவர் எழுதிய குறிப்பு ஒன்றரைப் பக்கம்.

ஆறு மாதம் வரை உருண்டை சட்டத்துக்கு உட்பட்டுத்தான் வளர்ந்தாள். தவழ வேண்டிய எட்டாம் மாதத்தில்தான் வம்பு பிடித்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து வீட்டை மேற்பார்வை பார்த்தாளே தவிர, ஓர் அங்குலம் தவழவில்லை. பத்தாம் மாதம் ஒரு காலையில், துணி வாளியைப் பிடித்து எழுந்து நின்றாள். வாளியை விட்டாள். நான்கு அடி நடந்தாள்.

“என்னங்க! ஓடி வாங்க, நடக்குறா!” என்று மனைவி கத்தினாள்.

முகச்சவரம் செய்துகொண்டிருந்த இணைப்பு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்து பார்த்தார். பார்த்ததும் முதல் காரியமாக ஜன்னலைச் சாத்தினார்.

“சத்தம் போடாதே. யாராவது பார்த்தாங்களா?”

“நான் பார்த்தேனே!”

“நீ பார்த்தது செல்லாது. முதல்ல அவளை உட்கார வை.”

“எம் புள்ளை நடக்குது, நீங்க ஜன்னலைச் சாத்துறீங்களே! உங்களுக்கு என்ன மனசுங்க?”

“அவ இன்னும் தவழலையே. அட்டையில அந்தக் கட்டம் காலியா இருக்கே!”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பேறுகால விடுப்போடு சம்பளமில்லாத விடுப்பும் முடியப்போகிறது. ஒன்றாம் தேதி போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அவள் போக வேண்டுமானால் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். காப்பகத்திலோ, நடுவில் காலிக் கட்டம் இருக்கிற அட்டையைக் கையால் தொடக்கூட மாட்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்கே மூவரும் வளர்ச்சிப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு உள்ளே அழைத்தார்கள். பதிவு அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. அட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் உருண்டை அம்மாவின் விரலை விட்டுவிட்டு, அறையின் குறுக்கே நடந்து போய், அவருடைய மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தவழ்தல் காலியா இருக்கே?” என்றார் அதிகாரி.

“அவ தவழலைங்க மேடம். நேரா நடந்துட்டா,” என்றார் இணைப்பு.

“அப்படி நடக்க முடியாது.”

“இதோ உங்க பக்கத்துலதான் நிக்கிறா மேடம். நடந்துதான் வந்தா,” என்றாள் மனைவி.

அதிகாரி மறுபடியும் அட்டையைப் பார்த்தார். “அஞ்சாவது கட்டத்துல கையெழுத்தே இல்லை. ஏழாவது கட்டத்துக்கு எப்படிம்மா போவா?”

“காலால போறா மேடம்.”

“இதெல்லாம் அங்கீகாரம் இல்லாத நடை. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. என் கண்ணு முன்னால தவழணும். அதுக்கப்புறம்தான் மத்ததைப் பத்திப் பேச முடியும்.”

மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இணைப்புக்கோ அந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த நாற்காலியில் அவர் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பார்.

நடக்கிற பிள்ளையைத் தவழ வைப்பது எப்படி? கவலைப்பட வேண்டியதில்லை, அதற்கும் ஊரில் வகுப்பு இருந்தது. அப்போது தவழ்தலுக்கு நல்ல மவுசு. உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் நெடுநாள் தவழ்ந்த மூளைகள்தான் என்று யாரோ சொல்லிவிட, வசதியான வீட்டுப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு முழங்கால் உறை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பை நடத்தியவர் ஒரு தவழ்தல் பயிற்சியாளர். அவருக்குக் குழந்தை கிடையாது. சான்றிதழ் மூன்று உண்டு.

“குழந்தைக்கு வாயால சொல்லிக் குடுக்க முடியாது சார். நாம தவழ்ந்து காட்டணும். நம்மளைப் பார்த்துத்தான் அதுங்க கத்துக்கும்,” என்றார் அவர்.

பெரிய கூடம். இருபது அப்பாக்களும் அம்மாக்களும் முழங்கால் உறை மாட்டிக்கொண்டு, “இடது கை, வலது கால்” என்ற ஆணைக்குத் தகுந்தபடி சுற்றிச் சுற்றித் தவழ்ந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. உருண்டை மட்டும் தவழ்கிறவர்களுக்கு நடுவே நடந்துபோய், குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் முடிவில் வகுப்பிலேயே ஆகச் சிறப்பாகத் தவழ்பவர் என்று இணைப்புக்குக் கைதட்டல் கிடைத்தது.

வீட்டிலும் பயிற்சி நிற்கவில்லை. அவர் சாப்பிடத் தவழ்ந்து வந்தார், செய்தித்தாள் எடுக்கத் தவழ்ந்து போனார். உருண்டை எழுந்து நிற்கும்போதெல்லாம் தோளைத் தொட்டு மெல்ல உட்கார வைத்தார். அவள் அதை விளையாட்டென்று நினைத்துக் கெக்கலித்துக்கொண்டே மறுபடி எழுந்தாள். ஒரே ஒரு தடவை கையை நீட்டியவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவள் தள்ளாடித் தள்ளாடி நடந்து போனதைக் கண் கொட்டாமல் பார்த்தார். எவ்வளவு அழகாக இருந்தது! ஒன்பது வருஷம் காத்திருந்தது இதற்குத்தானே என்று நெஞ்சு நிறைந்துபோனது. உடனே சுதாரித்துக்கொண்டு ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அந்த நடையை மட்டும் அவர் கோப்பில் எழுதவில்லை.

“லேப்ல இருந்து கேட்டாங்க. ஒண்ணாம் தேதி வர்றேனா இல்லையான்னு இப்பவே சொல்லணுமாம்,” என்றாள் மனைவி வியாழக்கிழமை. “அந்த மேடத்துக்கிட்ட கெஞ்சிக் கேட்டாவது ஒரு கையெழுத்து வாங்குங்களேன்.”

“தவழாத பிள்ளை தவழ்ந்துச்சுன்னு எழுதச் சொல்லவா? நானா?” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அதிகாரியின் அறையில் பாய் விரித்தார்கள். உருண்டையை ஒரு முனையில் உட்கார வைத்து, மறுமுனையில் கிலுகிலுப்பையை வைத்தார்கள். அவள் எழுந்தாள், நடந்தாள், கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டாள். மறுபடி உட்கார வைத்தார்கள். மறுபடி நடந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு தரம்தான். வெளியில பதினாறு பேர் இருக்காங்க.”

மனைவியின் முகம் வெளிறிப்போனதை இணைப்பு பார்த்தார். அடுத்த கணம் சட்டென்று மண்டியிட்டார். “இங்க பாரும்மா, அப்பாவைப் பாரு. இப்படி!” என்று சொல்லி, இடது கை வலது கால், வலது கை இடது கால் என்று ஒரு பிசகும் இல்லாமல் பாயின் நீளத்தைக் கடந்து, அதிகாரியின் செருப்புக்கு அருகில் போய் நிமிர்ந்து பார்த்தார். உருண்டை நின்றபடியே எல்லாவற்றையும் கவனித்தாள்.

அதிகாரி பேனாவைத் திறந்து ஐந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

“மேடம்,” என்றார் இணைப்பு தரையிலிருந்து, “தவழ்ந்தது நானுங்க.”

“அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிங்க.”

“‘தவழ்தல் நேரில் காணப்பட்டது.’”

“நான் கண்டேனா இல்லையா?”

“கண்டீங்க.”

“யார் தவழ்ந்தான்னு எங்கயாவது கேட்டிருக்கா?”

“இல்லீங்க மேடம்.”

இணைப்புக்குப் புல்லரித்தது. பதினான்கு வருஷ அனுபவத்தில் ஒரு விதியை இவ்வளவு துல்லியமாகப் படித்தவரை அவர் சந்தித்ததில்லை. “நல்லாத் தவழுறீங்க,” என்று அதிகாரி சொன்னபோது வெட்கம்கூட வந்துவிட்டது.

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த பதினாறு பேரும் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் கிடைக்காத கையெழுத்து இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது எப்படி என்பதை அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னார்கள். அடுத்த வாரம் அந்த அலுவலகத்துக்கு வந்தவர்கள் அறை வாசலிலேயே மண்டியிட்டார்கள். அதற்கடுத்த வாரம், ‘தவழ்ந்து வருவோர் இடதுபுறமாக வரவும்’ என்று ஓர் அறிவிப்புப் பலகை மாட்டப்பட்டது. பிறகு மற்ற அலுவலகங்களும் ஒவ்வொன்றாக இதைத் தழுவிக்கொண்டன.

மனைவி ஒன்றாம் தேதி வேலைக்குப் போனாள். இணைப்பும் தம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் வெளியே யாரையும் காணவில்லை. “சார்” என்று குரல் மட்டும் கீழிருந்து வந்தது. எட்டிப் பார்த்தார். நரைத்த தலை, முழங்காலில் உறை, மேலே நீட்டிய கையில் மனு. மனுவில் இணைப்பு எதுவும் இல்லை.

கேட்க வாயெடுத்தவர், அந்த ஆளின் முழங்காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். அவருடைய பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. மறுநாள் ஜன்னலின் கீழே ஏழு பேர் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். உருண்டை நடந்து வந்து கோப்புக்குக் கை நீட்டினாள்.

“கூடாதும்மா.”

இழுத்துப் பார்த்தாள். “கூடாதுன்னா கூடாது,” என்று அவர் கோப்பை உயர்த்திப் பிடித்தார். அழுது பார்த்தாள், அதற்கும் அவர் மசியவில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்னால் நாலடி நகர்ந்து போனாள். குனிந்தாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினாள். இடது கை வலது கால், வலது கை இடது கால் என்று ஒரு பிசகும் இல்லாமல் தவழ்ந்து வந்து, அவர் பாதத்தருகில் நின்று, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“அய்யோ, இங்க பாருங்க! நம்ம உருண்டை தவழுறா!” என்று மனைவி கைதட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

இணைப்புக்குச் சிரிப்பு வரவில்லை. “எந்திரிம்மா. எந்திரி கண்ணு. நீ நடந்தே வா,” என்று அவளைத் தூக்கி நிறுத்தினார். கோப்பு இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் அவள் மறுபடியும் முழங்காலில் இறங்கினாள். அவர் கோப்பைக் கொடுத்துவிட்டார்.

“அட்டையில எழுத வேண்டாமாங்க?” என்றாள் மனைவி.

“அதெல்லாம் ஏற்கெனவே எழுதியாச்சு,” என்றார் அவர்.