காணோமண்ணன் கோழியை மறைத்த கதை

பொகவந்தலாவையில் பஸ் ஏறி அட்டனில் இறங்கும்வரை வழியிலுள்ள எல்லாத் தோட்டங்களிலும் தேடினாலும், எங்கள் காணோமண்ணனைப் போல எதையுமே மறைக்க முடியாத ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. இதில் விசேஷம் என்னவென்றால், அவர் மேஜிக்காரர்.

அவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வருஷத்தில் ஒரு நாள், மாரியம்மன் கோயில் திருவிழா மேடையில் அரைமணி நேரம் மேஜிக். காசோ கைக்குட்டையோ முட்டையோ, எதை மறைத்தாலும் இரண்டு கையையும் விரித்து "காணோம்!" என்று ஒரு சத்தம் போடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போய்விட்டது. வாசலில் நின்று "காணோம் இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால், அவர் மனைவி, எங்கள் மதினி, உள்ளேயிருந்து "இருக்காரு, வாங்க" என்பார். யாருக்கும் சிரிப்பு வராது. பழகிவிட்டது.

மேஜிக்காரர்களுக்குப் புறா வேண்டுமாம். எங்கள் குளிருக்குப் புறா தாங்காது என்று சொல்லி, அண்ணன் வீட்டுக் கோழியை வைத்தே சமாளித்தார். நல்ல வெள்ளைக் கோழி. அதைக் கறுப்புக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டுதான் மேடை ஏறுவார். கோட்டு, பஜாரில் பழைய துணி விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் கொடுத்தது. "உள்ளுக்கு ஏழு பொக்கட்டு இருக்கு, மேஜிக்குக்குன்னே தைச்ச மாதிரி" என்று சொல்லி விற்றாராம். அவற்றில் பாதி கிழிசல் என்பது வீட்டுக்கு வந்து கை விட்ட பிறகுதான் தெரிந்தது.

கோட்டு இருந்து என்ன செய்ய? நாங்கள் இருப்பது லயத்தில். வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய்க் களைத்து நின்றுவிடும். கூரை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. முதல் வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். அண்ணனின் காம்பராவுக்கு ஒரு பக்கம் எங்கள் வீடு, மறுபக்கம் பவளம் அக்கா. கொழுந்து எடுக்கும் பெண்களில் பவளம் அக்காவின் குரலுக்கு மலையே திரும்பிப் பார்க்கும். அண்ணன் ஒத்திகை பார்ப்பார். மொத்த லயமும் பாடமாக்கும். திருவிழா அன்று அண்ணன் கோழியை மறைத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையிலிருந்து "கோட்டுக்குள்ள! எடது பக்கம்!" என்று பவளம் அக்கா எடுத்துக் கொடுப்பார். பின்பாட்டு மற்றவர்கள்.

நான் கெம்பஸ் முடித்து வந்த வருஷம், கோயில் கமிட்டித் தலைவர் அண்ணனைத் தேடி வந்தார்.

"கொற சொல்லலங்க. ஆனா இந்த வருஷமும் அதே கோழியா? பொடியங்க டீஜே வேணும்னு நிக்கிறாங்க. புதுசா எதாச்சும் இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி உங்க அரமணி நேரத்த அவங்களுக்குக் குடுத்துருவேன்."

அண்ணன் அன்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "மத்த நாளெல்லாம் என்னைய யாரு தம்பி பாக்குறா? அன்னைக்கு ஒரு நாளுதான் ஆளுக என் கையப் பாக்குறாங்க. அதுவும் போயிருச்சின்னா?" என்றார்.

எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். வேலை கிடைக்கும்வரை அந்தப் பட்டத்தை யார் மீதாவது பிரயோகித்துப் பார்க்கக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. அகப்பட்டார் அண்ணன்.

"அண்ணே, இது படைப்புத் தடை. பெரிய பெரிய கலைஞர்களுக்கெல்லாம் வரும்" என்றேன், விரிவுரையாளர் குரலில்.

"எனக்கு வந்துருச்சா?" அண்ணன் முகத்தில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் தெரிந்தது.

சுவருக்கு மேலால் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்குமுன்பே, பவளம் அக்கா என்னை மறித்தார்.

"என்னா தம்பி, எங்க அண்ணனுக்கு எங்கயோ அடச்சிக்கிச்சாமே?"

நான் படைப்பு மனத்தைப் பற்றி விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு கோப்பை கசாயத்தோடு வந்தார். மதினி வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். அண்ணன் யாருடைய மனத்தையும் நோகடிக்காதவர்; கசாயத்தைக் குடித்தார். படைப்பைத் தவிர மற்றதெல்லாம் வந்தது.

நான் தளரவில்லை. சூழலை மாற்றினால் சிந்தனை பிறக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அண்ணனை மலை உச்சிக்குக் கூட்டிப்போய், பனிமூட்டத்துக்குள் ஒரு கல்லில் உட்காரவைத்து, "மனசக் காலியா வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். வெகுநேரம் கழித்து மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, மனசு காலியாயிருச்சி. காலுதான் நெறஞ்சிருச்சி."

ஓடிப்போய்ப் பார்த்தால், முழங்கால்வரை அட்டை. இறங்கி வரும்போது என் காலிலும்.

அடுத்த வைத்தியம்: தெரிந்த இரண்டு பொருள்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்குவது. "உங்கக்கிட்ட கோழி இருக்கு, நெருப்பு வித்தையும் தெரியும். ரெண்டையும் சேத்துப் பாருங்கண்ணே."

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். "சேத்தா அது மேஜிக் இல்ல தம்பி, கறி."

இவ்வளவுக்குப் பிறகும் அவராகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்: சிவப்புக் கைக்குட்டை பச்சையாக மாறும் வித்தை. மூச்சுக்கூட விடாமல் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். மூன்றாம் நாள் வேலைக்குப் போகும் வழியில், கூடையோடு எதிரே வந்த பெண்கள், "அண்ணே, பச்ச லேஞ்சி இன்னும் சிக்கிக்கிட்டே இருக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அண்ணன் கைக்குட்டையை மதினியிடம் கொடுத்துவிட்டார். அடுப்பில் சட்டி இறக்க உதவியது.

கடைசியாக, அடியில் கள்ளத்தட்டு வைத்த ஒரு பலகைப் பெட்டி செய்தார். கோழியைப் பெட்டியில் விட்டு மூடினால் அது கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும். திறந்து காட்டினால் பெட்டி வெறுமையாக இருக்கும். ஒரு சாயங்காலம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பெட்டியைத் தட்டினார். சுவருக்கு மேலிருந்து பவளம் அக்காவின் குரல்:

"அண்ணே, நேத்து தட்டிட்டுத்தானே எண்ணுனீங்க? இன்னைக்கு எண்ணிட்டுத் தட்டுறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனோ தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு, சுவரின் உச்சியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தேன் ஒழுகும் குரலில், "தட்டிட்டு எண்ணுறதுதான் சரி பவளம். நல்ல காலம் சொன்னே!" என்றார்.

மறுநாளிலிருந்து அண்ணனின் குரல் ரயில் நிலைய அறிவிப்புப் போல ஆகிவிட்டது. "இப்பக் கோழி கீழ்த்தட்டுக்குப் போவுது! இப்பத் தம்பி வந்து மேத்தட்டத் தொறக்கிறாரு!"

"அண்ணே, மெதுவா!"

"இருக்கட்டும் தம்பி. அவங்களும் பாவம், கேக்கட்டும்."

என் வைத்தியம் தாங்காமல் மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். குற்ற உணர்ச்சியால், பெட்டி திறக்கும் உதவியாளனாக மேடை ஏறச் சம்மதித்தேன். கீழ்த்தட்டு ரகசியத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். லயம் முழுக்கத் தெரிந்த ரகசியத்தை அவ்வளவு கண்ணியமாகக் காப்பாற்றியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திருவிழா சாயங்காலம். "இதாங்க கடைசிச் சான்சு" என்று தலைவர் அண்ணனின் காதில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். டீஜேக்காரப் பொடியன்கள் பாட்டுப் பெட்டிகளோடு மேடை ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கோழியைப் பெட்டியில் விட்டார், மூடினார், தட்டினார், எண்ணினார். நான் மேல்தட்டைத் திறந்து காட்டினேன். வெறுமை.

"காணோம்!"

"கீழ்த்தட்டுல!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. என் முகம் செத்துவிட்டது. அண்ணன் வெட்கப்பட்டவர்போல் தலையைச் சொறிந்து, "தம்பி, அதையும் காட்டிருங்க" என்றார். கள்ளத்தட்டை இழுத்தேன்.

வெறுமை.

"கோட்டுக்குள்ள!" அண்ணன் கோட்டைக் கழற்றி உதறினார். ஒரு சிறகுகூட விழவில்லை. "மேசைக்கு அடியில!" மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல எதுவுமில்லை. என் வாய் எந்த அளவுக்குத் திறந்திருந்தது என்பதற்கு எத்தனையோ பேருடைய கைபேசியில் சாட்சி இருக்கிறது.

முன்வரிசையில் பவளம் அக்கா மெதுவாக எழுந்தார்.

"அண்ணே... அப்பக் கோழி எங்கண்ணே?"

இத்தனை வருஷத்தில் மேடையில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அண்ணன் தலைவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அது அடுத்த திருவிழாவுக்குத்தான் வரும் தலைவரே."

டீஜேக்காரர்களுக்குக் கிடைத்தது அண்ணனுக்குப் பிறகு மிஞ்சிய நேரம்தான். அடுத்த வருஷத்து அரைமணி நேரத்தைப் பற்றித் தலைவர் வாயே திறக்கவில்லை. அவருக்கும் கோழி எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது.

அந்த வருஷம் முழுக்க லயமே கோழி தேடியது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்று மதினி அழாத குறை. கடைசியில் எல்லோருடைய சந்தேகமும் என் மேல் திரும்பியது. "கெம்பஸ் தம்பிக்குத் தெரியாமலா?" என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டு வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன்போல் மெல்லச் சிரித்தபடி வடையைச் சாப்பிட்டேன். என் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வருமானம் அதுதான்.

மறு திருவிழாவில் அதே பெட்டியை வெறுமையாகக் காட்டி மூடி, அண்ணன் தட்டிவிட்டு எண்ணினார். நான் திறந்தேன். வெள்ளைக் கோழி, பின்னாலேயே கீச்சுக் கீச்சென்று குஞ்சுகள். பவளம் அக்கா மேடைக்கே ஏறி வந்து கோழியைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "அதேதான்! என் அரிசிய மேய வந்து, நான் கல்லால அடிச்ச வெரலு!" என்று அவர் சாட்சி சொன்னதும் எழுந்த கைதட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது.

இப்போது நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். லீவுக்கு வீட்டுக்கு வந்தால், சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம், "இப்பக் கை மணிக்கூடு தண்ணிக்குள்ள போவுது!" என்று அண்ணனின் குரல் கேட்கும். அன்றைய கீழ்த்தட்டைப் போலவே அத்தனையும் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காது கொடுப்பார்கள். சில நாட்களில் பவளம் அக்கா வீட்டில் இருக்கமாட்டார், மற்றவர்கள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், அண்ணனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய ஆரம்பிக்கும். அப்போது நான் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்று, கேட்கும்படி ஒரு தடவை இருமுவேன். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அண்ணனுக்குப் பொய் ஒழுங்காக வரும்.