பாயசத்துக்குப் பக்கத்தில் வைக்காத பாட்டில்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி தம்பி சிவசைலத்துக்கு அக்கா சுப்புலக்ஷ்மி எழுதிக்கொண்டது. பத்மநாபன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கல்லிடைக்குறிச்சியில் நீங்களும் அப்படியே இருக்க வேணும்.

பேரன் கௌசிக் கழக்கூட்டத்து ஆபீஸில் டீம் லீடர் ஆகிவிட்டான். பேத்தி பத்மஜா பாங்க் பரீட்சை பாஸ். இவர்களுக்கெல்லாம் மேலே இன்னொரு பேத்தி மீரா. உடம்பிலிருந்து எடுக்கிற நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஈரல் கேன்சர் செல் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுகிறாள். பெரிய டாக்டர்களே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

போன மாசம் உன் அத்திம்பேருக்கு வயிறு பானையாக உப்பிப் போச்சு. ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தி நீர் எடுத்து, கேன்சரா என்று பார்க்கணும் என்று பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மீராவின் லாபுக்குத்தான் கொண்டுபோவேன் என்றேன், வேறே யார் பார்த்தால் எனக்குத் திருப்தி? வீடு வந்து சேர்வதற்குள் திடீர் ஹர்த்தால், ரோட்டில் வண்டி ஓடினால் கல்லெறிவார்கள். ஆட்டோக்கார சிபி, "ஆறு மணி கழியட்டும் அம்மே, இப்போ எடுத்தா வண்டிக் கண்ணாடி பொட்டும்" என்றான். ஃபோனில் மீரா, "அதுவரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வைங்கோ பாட்டி" என்றாள். ஃப்ரிட்ஜில் கோவில் பால்பாயசம் இருக்கிறது, அதன் பக்கத்தில் இவர் வயிற்றுத் தண்ணியை எப்படி வைப்பேன்? கொல்லைக் குளியலறை ஜன்னலில் வைத்தேன், நல்ல வெயில். ஆறு மணிக்கு மேல் சிபி வண்டியில் கொண்டுபோய் மீரா கையில் கொடுத்தேன். மறுநாள் மீரா, "செல்லெல்லாம் கெட்டுப்போச்சு பாட்டி, ஒண்ணும் தெரியலை. தாத்தாவுக்கு மறுபடி குத்தணும்" என்றாள். உன் அத்திம்பேர், "எனக்காக ஒரு குத்து, உன் பாயசத்துக்காக ஒரு குத்தா?" என்றார்.

இரண்டாம் தடவை சாயங்காலம் எடுத்தார்கள், அதற்குள் லாப் பூட்டியாச்சு, இனி காலையில்தான். ஃப்ரிட்ஜை மொத்தமும் காலி பண்ணி, அந்த ஒரு பாட்டிலை மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்த்தி வைத்தேன். வெளியே வைத்த தயிரெல்லாம் புளித்துப் போச்சு, போகட்டும். மீரா பார்த்தாள், கேன்சர் செல் காணவில்லை. நான் விளக்கேற்றப் போனேன். "இருங்கோ பாட்டி, ஈரல் கேன்சர் இந்த நீர்ல அவ்வளவு சுலபமா இறங்காது. காணலேன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. ஸ்கேன் வரட்டும்" என்கிறாள். படித்த குழந்தைகளே இப்படித்தான், ஒரு நல்ல வார்த்தையை முழுசாகச் சொல்ல மாட்டார்கள். கேன்சர் இல்லை என்றே நான் வைத்துக்கொண்டேன்.

ஆகையால் நீ பதறிக்கொண்டு வர வேண்டாம். உன் பேரனை இன்னும் பார்க்கவில்லையே என்று அத்திம்பேர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். குழந்தைக்கு மொட்டை அடித்தபின் எடுத்த புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. செல்ஃபோனில் வேண்டாம், தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள வேணுமாம்.

உன் அகமுடையாளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

அக்கா,
சுப்புலக்ஷ்மி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் மீரா ஸ்கேனோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள். போட்டோ வேண்டாம். குழந்தையையே தூக்கிக்கொண்டு வா.