பெல்ட் அண்ணனின் ‘முதல் அரைவை’

சிவகங்கை மாவட்டத்திலேயே அதிகச் சத்தம் போட்ட மனிதர் யார் என்று கேட்டால், திருவிழா மைக்செட்காரர்களே பெல்ட் அண்ணனைத்தான் கைகாட்டுவார்கள். புதுவயலில் ஒரு அரிசி மில்லில் அவர் ஃபிட்டர், நான் எடை போடுகிறவன். மெஷின் பெல்ட் அறுவதற்கு முதல் நாளே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ அவருக்கு ஒரு ஹெவி மெட்டல் கேசட்டைக் கொடுத்துவிட்டார்கள். கிடார் ரம்பமாக அறுக்கும். பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான்.

“தம்பி, நம்ம மில்லுக்கே வாய் முளைச்ச மாதிரி இருக்குடா!” என்றார்.

மறுநாளே கிணற்றுக்குள் தலையை விட்டு உறுமிப் பழக ஆரம்பித்தார். பக்கத்தில் மேய்ந்த இரண்டு ஆடுகள் பிறகு சிங்கம்புணரிச் சந்தையில்தான் கிடைத்தன.

சர்ச்சில் கிடார் வாசிக்கும் சகாயம், மில்லில் மூட்டை தூக்கும் கருப்பையா இருவரையும் சேர்த்து, பதர் நெல்லுக்குச் சொல்கிற ‘கருக்கா’ என்ற பெயரில் ஒரு பாட்டுக் குழு அமைத்தார். கருப்பையா டிரம். டேப் ரெக்கார்டர் வைத்திருந்த குற்றத்துக்காக நான் ஒலிப்பதிவு. ஓடுகிற மெஷின் பக்கத்திலேயே ஆறு மாதம் பழகினோம்.

திடீரென அண்ணனுக்குச் சிங்கப்பூர் வேலை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். திங்கள் அமாவாசை, மில் லீவு.

“அன்னைக்கு விட்டா நம்ம ஆல்பம் இந்த ஜென்மத்துல இல்ல” என்றார்.

திங்கட்கிழமை மில் அமைதியாக இருந்தது. நான் பட்டனை அழுத்தினேன். கருப்பையா தாளத்தில் முந்தி ஓடினான், சகாயம் பின்தங்கினான், அண்ணன் தனியாகப் பாட்டை முடித்துவிட்டு நின்றார். ஏழு தடவையும் இதே கதைதான்.

“என்னடா, ஆளுக்கொரு பஸ்ஸுல போறீக?”

“மெசினு ஓடாம எனக்குக் கை ஓட மாட்டேங்குதுண்ணே” என்றான் கருப்பையா.

அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதமாக எங்களுக்குத் தாளம் போட்டது மெஷின்.

அண்ணன் முதலாளியிடம் ஓடினார்.

“அமாவாசைக்கா மில்லு? வெறும் மெசினை ஓட்டுனா ரப்பர் உருளை தேஞ்சுருமே.”

“வெறுமனே ஓட்டல முதலாளி. எங்க வீட்டு நெல்லைப் போடுறேன்.”

அவித்துக் காயவைத்திருந்த நான்கு மூட்டை நெல் வண்டியில் வந்தது. பின்னாலேயே அண்ணியும் வந்தார்.

“ஊருக்குப் போறவுக எங்க சோத்தையும் அரைச்சுட்டா போறீக?”

முதலாளி சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

மூட்டைக்கு ஒரு பாட்டு. நெல் தீரப்போகும்போது நான் கையைத் தூக்குவேன். பாட்டு எங்கே நின்றாலும் முடித்துவிட வேண்டும். மூன்றாவது பாட்டில் இரண்டு சரணம் பாக்கி இருந்தது. அண்ணன் இரண்டையும் ஒரே மூச்சில் உறுமித் தீர்த்தார். பொழுது சாய்வதற்குள் ‘முதல் அரைவை’ ஆல்பம் தயார்.

அண்ணி முறத்தில் அள்ளிப் பார்த்தார். “அரிசி முத்து முத்தா வந்துருக்கு. பாட்டுதான் குறுணை.”

அன்று ராத்திரியே காரைக்குடி டீக்கடை ஒன்றில் அதைப் போட்டுப் பார்த்தோம். “மில்லுச் சத்தத்துக்கு நடுவுல யாருய்யா அடி வாங்குறது?” என்று ஒருவர் கேட்டார். எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. “தம்பி, இங்க ரூமுல ஒரு சத்தமும் இல்லடா. தூக்கம் வரல. நம்ம கேசட்டைப் போட்டாத்தான் கண்ணு சொருகுது. ஆனா நான் கத்துற இடத்துல முழிப்பு வந்துருது.”

புதுக் கேசட் ஒன்று வாங்கி, இரண்டு பக்கமும் மில் சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சம் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. வாயைக் கிட்டே கொண்டுபோய், “சாப்டீகளாண்ணே?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன்.